சின்ன எஸ்.யூ.வி.: ரோட்டுக்கா, காட்டுக்கா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று ஷோரூமில் நிற்கும் சாதாரணக் காருக்குள்ளேயே பல சின்னக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று. இவை தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு நெட்வொர்க்கும் உண்டு. 1986-ல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் பஸ் என்ற முறைதான் இன்றும் பெரும்பாலான கார்களில் ஓடுகிறது.

பி.சி. வாங்கப் போனால் பிராசஸர் என்ன, ராம் எவ்வளவு என்று நூறு கேள்வி கேட்கிறோம். கார் வாங்கப் போனால் மட்டும் பிரவுச்சரில் சேறு தெறிக்கப் பாயும் படத்தைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். நானும் கொடுக்க இருந்தேன். அதற்கு முன் பிரவுச்சரை ஒரு சாப்ட்வேர் எஞ்சினியராக உட்கார்ந்து படித்தேன். அதில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதை

நாங்கள் கொடுங்கையூர். என் அப்பா மணலியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இரண்டு கிட்னியும் சரியாக வேலை செய்யாததால் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். இரண்டு நாள் தவறினால் உயிருக்கே ஆபத்து.

2023 டிசம்பர் 4-ம் தேதி திங்கட்கிழமை, மிக்ஜாம் புயல் மழை. அன்று அவருக்கு டயாலிசிஸ் முறை. வெளியே கால் வைக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மழை விட்டது, ஆனால் தெருவில் முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். எதிர் வீட்டு அண்ணன், "என்னுது எஸ்.யூ.வி. தம்பி, உசரமான வண்டி. வா, அப்பாவக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார். நாங்களும் ஏறினோம்.

தெருவில் வண்டி நன்றாகத்தான் போனது. எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையை நெருங்கும்போது எதிரே ஒரு லாரி வேகமாக வந்தது. அது தள்ளிய அலை எங்கள் பானட்டின் மேல் ஏறி இறங்கியது. எஞ்சின் நின்றுவிட்டது. பதற்றத்தில் அண்ணன் இரண்டு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பிறகு நான்கு பையன்கள் அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஒரு மீன்பாடி வண்டியில் உட்கார வைத்தார்கள். மோட்டார் இல்லாத, மிதிக்கிற வண்டி. அதைத் தள்ளிக்கொண்டே மேடான ரோடு வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆனது. அப்பா பிழைத்தார். அண்ணனின் கார் மூன்று மாதம் ஒர்க் ஷாப்பில் கிடந்தது.

அதற்குப் பிறகும் அப்பா சொன்னது என்ன தெரியுமா? "நாமும் உசரமான வண்டியா ஒண்ணு வாங்கிடலாம்டா." அவர் சொல்வது சரியா, தவறா? இதுதான் என் கேள்வி.

எஸ்.யூ.வி. என்றால் என்ன?

காட்டிலும் மேட்டிலும் போகிற வண்டிதான் எஸ்.யூ.வி. என்று நாம் நினைக்கிறோம். நம் நாட்டு வரிச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. 2013 பட்ஜெட்டில் எஸ்.யூ.வி.களுக்கு எக்சைஸ் வரி 27 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்ந்தது. அப்போது கொடுத்த அடையாளங்கள் மூன்று: நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 சி.சி.க்கு மேல், தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல். நான்கு சக்கரமும் இழுக்கிறதா, சேற்றில் போகுமா என்ற கேள்வியே அதில் இல்லை.

இன்னொரு பக்கம், 2006 பட்ஜெட்டிலிருந்து 4 மீட்டருக்குள் இருக்கும் சின்ன எஞ்சின் கார்களுக்கு வரிச் சலுகை. பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள். 2025 செப்டம்பர் 22 முதல் வந்த புதிய ஜி.எஸ்.டி. முறையிலும் இதே கோடுதான். கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம்.

கம்பெனிகள் இதைப் பார்த்தன. ஹேட்ச்பேக் காரின் அடித்தளத்தை எடுத்துக்கொண்டு, உயரத்தைக் கூட்டி, சக்கரத்தைப் பெரிதாக்கி, சுற்றிலும் கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டி, நீளத்தை மட்டும் 4 மீட்டருக்குள் நிறுத்தின. பிறந்தது 'காம்பாக்ட் எஸ்.யூ.வி.'. சொல்லப்போனால், பழைய மதர்போர்டைப் புதிய கேமிங் கேபினட்டில் போட்டுக் கொடுப்பது போல. தவறில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து வாங்கினால்.

மறைமலை நகர் சொல்லும் பாடம்

இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட். 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள். 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தது. பெயரிலேயே 'ஸ்போர்ட்'. 200 மி.மீ. தரை இடைவெளி, 999 சி.சி. டர்போ பெட்ரோல் எஞ்சினில் 125 குதிரைத்திறன், பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னி. பார்த்தால் அடுத்த நிறுத்தம் காடுதான் என்று தோன்றும். ஆனால் இந்தியாவில் விற்ற எல்லா எக்கோஸ்போர்ட்டிலும் முன் இரண்டு சக்கரங்கள் மட்டுமே இழுக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நான்கு சக்கரமும் இழுக்கும் எக்கோஸ்போர்ட்டும் சென்னையில்தான் தயாரானது. 2018 முதல் அமெரிக்காவில் விற்ற 2 லிட்டர் எஞ்சின் மாடல் அது. இங்கிருந்து கப்பலேறி அங்கே போயிற்று. பனி விழும் ஊர்க்காரர்கள் கேட்டார்கள், கொடுத்தார்கள். நாம் கேட்டது தோற்றமும் உயரமும், அதைக் கொடுத்தார்கள். 2022-ல் மறைமலை நகரில் எக்கோஸ்போர்ட் உற்பத்தி நின்றுபோனது.

கம்ப்யூட்டர் வாசகர்களுக்கு ஒரு கொசுறுத் தகவல். அந்தக் காரில் 'சிங்க்' என்ற சிஸ்டம் இருந்தது. ஃபோர்டும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து உருவாக்கியது. விபத்தில் ஏர்பேக் விரிந்தால், ப்ளூடூத்தில் இணைந்திருக்கும் உங்கள் செல்போன் வழியாகத் தானாக 108-ஐ அழைக்கும். சேற்றுப் படத்தை விட இது எவ்வளவோ உபயோகமானது. ஆனால் விளம்பரத்தில் யார் கண்ணில் பட்டது?

ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் இன்னொரு உதாரணம். 2012-ல் முன்சக்கர இயக்கத்தோடு வந்தது. 2014-ல் நான்கு சக்கர மாடலையும் விட்டார்கள். அதில் ஒரு திருகு இருந்தது: இரண்டு சக்கரம், ஆட்டோ, லாக் என்று மூன்று நிலை. முதல் கியரும் மெதுவாக ஏறுவதற்கு ஏற்றபடி அமைந்திருந்தது. வெளித் தோற்றத்தில் இரண்டு டஸ்டருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஈரமான செம்மண் மேட்டில் ஏற்றிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

சாப்ட்வேர் என்ன செய்யும்?

இப்போது வரும் கார்களில் 'ஸ்நோ, மட், சாண்ட்' என்று ஒரு திருகு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்சக்கர இயக்கம் மட்டும் உள்ள சில கார்களிலும் இது உண்டு. அதைத் திருப்பினால் என்ன நடக்கிறது?

அடிப்படையிலிருந்து வருவோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் ஒரு சென்சார், சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். இந்த எண்ணிக்கையை வைத்து மூன்று வேலைகள் நடக்கின்றன.

முதலாவது ஏ.பி.எஸ். பிரேக் அழுத்தும்போது ஒரு சக்கரம் சுற்றாமல் நின்று வழுக்கினால், அந்தச் சக்கரத்தின் பிரேக்கை விநாடிக்குப் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கும். 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்த பாஷ் தொழில்நுட்பம். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம்.

இரண்டாவது டிராக்ஷன் கன்ட்ரோல். காரின் எஞ்சின் சக்தியை இடது, வலது சக்கரத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதிக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். இதில் ஒரு குறை. ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால், தரையில் பிடிப்போடு நிற்கும் மற்ற சக்கரத்துக்கும் இழுவிசை போகாது. சாப்ட்வேர் இதற்கு ஒரு தந்திரம் செய்கிறது. சும்மா சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடிக்கிறது. உடனே சக்தி மறு சக்கரத்துக்குப் போகிறது. தேவைப்பட்டால் எஞ்சின் வேகத்தையும் குறைக்கிறது.

மூன்றாவது இ.எஸ்.பி. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பிய திசையும் கார் உண்மையில் போகும் திசையும் ஒன்றாக இல்லை என்றால், ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துக் காரை நேராக்கும். 1995-ல் வந்தது.

அந்தத் திருகைத் திருப்பும்போது மாறுவது இந்த மூன்றின் செட்டிங்ஸ்தான். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்ல வேண்டும், சக்கரம் எவ்வளவு வழுக்கினால் பிடிக்க வேண்டும், கியர் எப்போது மாற வேண்டும். எல்லாம் ஏற்கெனவே இருக்கும் ஹார்ட்வேரை வைத்து. பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டே இல்லாத காரில், எந்த மோடு போட்டாலும் பின் சக்கரம் இழுக்காது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத பி.சி.யில் அதன் டிரைவர் சி.டி.யைப் போட்டுவிட்டு கேம் ஓடவில்லையே என்று கேட்பது போலத்தான் இதுவும்.

பழவேற்காட்டு மணலில்

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2024 கோடையில் அக்கா, மாமா குடும்பத்தோடு பழவேற்காடு போயிருந்தோம். மாமாவின் காம்பாக்ட் எஸ்.யூ.வி. தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து கடல் கண்ணுக்குத் தெரிந்தது. மாமா திருகை 'சாண்ட்' பக்கம் திருப்பிவிட்டு மணலில் இறக்கினார். ரோட்டிலிருந்து முப்பது அடிகூடப் போகவில்லை. வண்டி நின்றுவிட்டது.

முன் சக்கரம் வழுக்க, டிராக்ஷன் கன்ட்ரோல் எஞ்சினை அடக்க, கார் நகரவே இல்லை. பட்டனை அழுத்தி அதை ஆஃப் செய்தோம். இப்போது சக்கரம் நன்றாகச் சுற்றியது, ஆனால் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. அடிவயிறு மணலில் உட்கார்ந்தது.

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்து பார்த்தார். "காத்த எறக்குப்பா" என்றார். 33 பி.எஸ்.ஐ. இருந்த டயர்களை 18 அளவுக்கு இறக்கினோம். டயர் தட்டையாகி மணலில் அதிக இடத்தில் பரவியது. சக்கரத்துக்கு முன்னால் கையால் மணலை வாரிவிட்டு, ஆறு பேர் தள்ள, கார் வெளியே வந்தது. மெதுவாக ஊர்ந்து பங்க்சர் கடை வரை போய்க் காற்று பிடித்தோம். அன்று வேலை செய்தது சாப்ட்வேர் அல்ல, டயரின் பரப்பளவு.

(கடற்கரை மணலில் கார் ஓட்டாமல் இருப்பதே நல்லது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன.)

காட்டுக்குப் போக என்ன வேண்டும்?

காட்டுக்கென்றே செய்த வண்டிகளும் 4 மீட்டருக்குள் கிடைக்கின்றன. 2020-ல் வந்த மூன்று கதவு மஹிந்திரா தார், 2023-ல் வந்த மாருதி ஜிம்னி இரண்டும் 3,985 மி.மீ. நீளம்தான். ஆனால் ஹார்ட்வேர் வேறு. லாரிக்கு இருப்பது போலத் தனிச் சட்டம். 4x4 மாடல்களில் நான்கு சக்கர இயக்கத்தோடு 'லோ ரேஞ்ச்' என்ற கூடுதல் கியர் தொகுதி. இது வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும். செங்குத்தான மேட்டில் நடை வேகத்தில் ஏறலாம், இறங்கலாம்.

தாரின் தரை இடைவெளி 226 மி.மீ. ஜிம்னிக்கு 210 மி.மீ. எக்கோஸ்போர்ட்டுக்கு 200 என்று பார்த்தோம். 10, 26 மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். தரை இடைவெளி ஒரு எண் மட்டுமே. பம்பர் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது, லோ ரேஞ்ச் உண்டா, டயர் எந்த வகை என்பதெல்லாம் சேர்ந்தால்தான் காட்டு வண்டி. ராம் மட்டும் அதிகம் போட்டால் சர்வர் ஆகிவிடாது அல்லவா?

இந்த ஹார்ட்வேருக்கு விலையும் உண்டு. எடை கூடும், மைலேஜ் குறையும், தார் ரோட்டில் குலுக்கல் அதிகம். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வரும் ஒருவரைத் தினசரி ரோட்டில் அந்தக் குலுக்கலோடு கூட்டி வர எனக்கு மனம் வரவில்லை.

கொடுங்கையூர் ரோட்டுக்கு ஒரு கணக்கு

அப்படியென்றால் உயரம் வீணா? இல்லை. எங்கள் பகுதியில் ஓடும் கன்டெய்னர் லாரிகளும் டேங்கர்களும் ரோட்டை என்ன செய்யும் என்று வடசென்னை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே ரோடு போட்டதில் எங்கள் தெரு உயர்ந்து வீட்டு வாசல் தாழ்ந்துவிட்டது. கேட்டுக்குள் கார் வர ஒரு சரிவு கட்டியிருக்கிறோம். எனக்கு ஆஃப் ரோடு என்றால் அந்தச் சரிவுதான்!

டேப்பை எடுத்துக்கொண்டு அளந்தேன். சரிவின் நீளம் 90 செ.மீ., இறக்கம் 25 செ.மீ. முன் சக்கரம் சரிவின் அடியிலும் பின் சக்கரம் ரோட்டிலும் இருக்கும்போது, சரிவின் மேல் விளிம்பு காரின் அடிவயிற்றை நோக்கி எழும். சக்கரங்களுக்கு இடையே 250 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அந்த எழுச்சி 16 செ.மீ. வருகிறது. சாதாரண ஹேட்ச்பேக்குக்குத் தரை இடைவெளி 160 முதல் 170 மி.மீ. நான்கு பேர் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி அதுவும் குறையும். ஆக, அடி கட்டாயம் உரசும். 200 மி.மீ. இருந்தால் உரசாமல் தப்பிக்கும்.

முன் பம்பருக்கும் கணக்குப் போடலாம். சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் அடி வரை கிடைத்தூரத்தையும், பம்பர் அடியின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். உயரத்தைத் தூரத்தால் வகுத்து, எக்ஸலில் ஏடான் ஃபங்ஷனில் கொடுத்து, வரும் விடையை டிகிரீஸ் ஃபங்ஷனில் போட்டால் கோணம் கிடைக்கும். 25 செ.மீ. உயரம், 60 செ.மீ. தூரம் என்றால் சுமார் 23 டிகிரி. 17 செ.மீ. உயரம், 70 செ.மீ. தூரம் என்றால் 13 டிகிரி சொச்சம். என் வீட்டுச் சரிவு 15 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். எது உள்ளே வரும், எது இடிக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஸ்பீடு பிரேக்கர் விஷயமும் இதுதான். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி அதன் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். அப்படிக் கட்டினால் எந்தக் காரும் உரசாது. நம் தெருக்களில் ஆளாளுக்குக் கட்டிய மேடுகளுக்குத்தான் 200 மி.மீ. தேவைப்படுகிறது.

இன்னொரு லாபம், சீட்டின் உயரம். தாழ்ந்த காரில் அப்பா குனிந்து விழுவது போல உட்கார வேண்டும், எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். உயரமான காரில் நாற்காலியில் உட்காருவது போல நேராக உட்கார்ந்துவிடுகிறார். பிரவுச்சரில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

தண்ணீரில் மட்டும் வேண்டாம்

சரி, டிசம்பர் 5 காலை அந்தக் கார் ஏன் நின்றது?

எஞ்சினுக்குக் காற்று வேண்டும். காற்றை இழுக்கும் வாய் பல கார்களில் முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டரின் மேல் விளிம்புக்கு அருகில் இருக்கிறது. அதற்குள் தண்ணீர் புகுந்தால் எஞ்சின் அதையும் உறிஞ்சும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதி நிற்க, அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நின்ற எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். அண்ணன் காரில் கேட்ட 'டக்' அதுதான்.

எக்கோஸ்போர்ட்டுக்கு 550 மி.மீ., தாருக்கு 650 மி.மீ. தண்ணீர் வரை போகலாம் என்று கம்பெனிகள் சொல்லியிருக்கின்றன. இந்த எண்களை அசையாத தண்ணீரில் மெதுவாகப் போவதற்கு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ரோட்டில் லாரி வரும், அலை வரும். முழங்கால் தண்ணீர் ஒரு விநாடியில் இடுப்புக்கு எழும். மூடியில்லாத மழைநீர் வடிகால் எங்கே இருக்கிறது என்று எந்தச் சென்சாரும் சொல்லாது.

ஓடும் தண்ணீர் இன்னும் மோசம். ஒரு அடி ஆழத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீர் சின்னக் கார்களை இழுத்துச் சென்றுவிடும், இரண்டடி என்றால் பெரிய எஸ்.யூ.வி.களும் தப்பாது என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. கார் என்பது அடைத்த டப்பா. கனமாக இருந்தாலும் மிதக்கப் பார்க்கும். மிதந்தால் டயருக்குத் தரையில் பிடிப்பு இல்லை. பிடிப்பு இல்லை என்றால் மேலே சொன்ன சாப்ட்வேர் எதற்கும் வேலை இல்லை.

எனவே கணேசபுரம் சுரங்கப்பாதை போலத் தண்ணீர் தேங்கும் இடங்களில், வண்டி எவ்வளவு உயரமாக இருந்தாலும் திரும்பி விடுங்கள்.

தார் ரோட்டில் எப்படி?

உயரமான வண்டிக்கு ஒரு பலவீனமும் உண்டு. இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை, காரின் எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு சுலபத்தில் கார் கவிழாது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கில் சாதாரணக் கார்களுக்கு 1.3 முதல் 1.5 வரை, எஸ்.யூ.வி. வகைகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் லாரி திடீரென்று குறுக்கே திரும்பும்போது நீங்கள் ஸ்டீயரிங்கை ஒடித்தால், உயரமான வண்டி அதிகம் சாயும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது இ.எஸ்.பி. 'ஸ்போர்ட்' என்ற எழுத்துக்குக் காசு கொடுப்பதை விட இ.எஸ்.பி.க்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

வாங்கும் முன் பாருங்கள்

1. நீங்கள் பார்க்கும் மாடலில் எந்தச் சக்கரங்கள் இழுக்கின்றன? நெக்ஸான், வென்யூ, சோனெட், மேக்னைட், பிரெஸ்ஸா போன்ற பிரபலமான சின்ன எஸ்.யூ.வி.கள் இங்கே முன்சக்கர இயக்கத்தோடுதான் விற்பனையாகி வந்திருக்கின்றன. தினசரி ஓட்டத்துக்கு அது போதும்.

2. தரை இடைவெளி காலி வண்டிக்கா, ஆள் ஏறிய வண்டிக்கா என்று கேளுங்கள்.

3. டேப்போடு ஷோரூமுக்குப் போங்கள். பம்பர் அடியின் உயரத்தையும், பானட்டைத் திறந்து காற்று இழுக்கும் வாயின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

4. இ.எஸ்.பி. எந்த மாடலிலிருந்து கிடைக்கிறது? சன்ரூஃபுக்கு முன் இதைக் கேளுங்கள்.

5. டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலோடு முடிக்காதீர்கள். உங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து, வீட்டுப் பெரியவர்களை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

6. இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால் சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கடினம்.

என் முடிவு

காம்பாக்ட் எஸ்.யூ.வி. ரோட்டுக்கான வண்டிதான். ஆனால் நம் ஊர் ரோட்டுக்கான வண்டி. குழியும் மேடும் சரிவும் உள்ள தெருவில் அதன் உயரம் உண்மையாகவே உதவுகிறது. காட்டுக்கும் வெள்ளத்துக்கும் அது உரிமச் சீட்டு இல்லை.

நான் முன்சக்கர இயக்கம் உள்ள ஒரு சின்ன எஸ்.யூ.வி.யைத்தான் வாங்கினேன். மேல் மாடல் வேண்டாம் என்று விட்டு, இ.எஸ்.பி. உள்ள நடு மாடலை எடுத்தேன். மிச்சமான பணத்தில் எஞ்சின் பாலிசியும் ஒரு கையடக்கக் காற்று பம்பும்.

வெள்ளத்துக்கான ஏற்பாடு காருக்கு வெளியே இருக்கிறது. 2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நாங்களும் மழைக்கு முந்தின நாளே கிளம்பிவிட்டோம். அப்பாவின் மருந்து, ரிப்போர்ட் ஃபைல், இரண்டு நாள் துணி. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் சித்தி வீட்டில் தங்கினோம். டயாலிசிஸ் நேரத்துக்கு நடந்தது.

காய்ந்த ரோட்டில், சாயங்கால டிராஃபிக்கில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் போனோம். பின் சீட்டில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "வண்டி உசரமாத்தான்டா இருக்கு" என்றார். ஆமாம் என்றேன்.